இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு தூது

எங்கள் அப்பாரு மொத்தம் எத்தனை வருடம் இருந்தார் என்பது இன்றுவரை முடிவாகாத விஷயம். அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர். கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்து எங்கள் தமிழ்ச் சனம் அப்படித்தான் கூப்பிடும். நூறைத் தாண்டிவிட்டார் என்று பெரியப்பா சாதிப்பார். நூறுக்கு இரண்டு மூன்று குறையும் என்று அப்பா மறுப்பார். இருவரிடமும் ஆதாரம் கிடையாது. அப்பாருவையே கேட்டிருக்கலாமே என்றால், அவர் வயதை வருடத்தில் சொல்பவர் அல்ல, கிணற்றில் சொல்பவர். முதல் கிணறு வெட்டியபோது அவருக்கு மீசை அரும்பியிருந்ததாம். இரண்டாவது கிணறு வெட்டியபோது பெரியப்பா தவழ்ந்துகொண்டிருந்தாராம். இரண்டிலும் பாறைதான் வந்தது. மூன்றாவதில்தான் தண்ணீர். ஆனால் ஊருக்கு யார் வந்தாலும் அந்த முதல் இரண்டு கிணறுகளைத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். தண்ணீர் வந்த கிணற்றை எவன் வேண்டுமானாலும் வெட்டுவான் என்பது அவர் கட்சி.

கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டை ராகிக்காடாக மாற்றியவர். பாதிக் காட்டில் பிறகு மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் மலையிலிருந்து யானை இறங்கும். மரத்தின் மேல் பரண் கட்டி, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, யானையிடம் மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்புவார் என்று சொல்வார்கள். அதனால் மைசூரில் தசரா யானைகளைப் பார்க்க சனம் முண்டியடிப்பது அவருக்குப் புரியவே புரியாது. ஒழிந்தால் போதும் என்று நாம் துரத்துகிற சாமானைக் காசு கொடுத்தா பார்க்கிறார்கள் என்று கேட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் அவரிடம் பயம். அவர் கத்தமாட்டார், அடிக்கமாட்டார். அவரிடம் இருந்தவை இரண்டே சொற்கள். "ஆகட்டும்" என்றால் நடக்கும். "பாக்கலாம்" என்றால் நடக்காது. எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமோ, ஒரு மாடு விற்பதோ, அப்பா படித்து மைசூரில் வேலைக்குப் போனதோ, எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைக் காத்திருந்து நடந்தவைதான்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. அலுவலகத்தில் யாரோ தன் தகப்பனாருக்கு எண்பதாம் கல்யாணம் செய்துவைத்தாராம். நாமும் வருகிற தை மாதம் மைசூரிலேயே மண்டபம் பிடித்துச் செய்வோம் என்று அப்பா கிளம்பினார். முதலில் ஆத்தாவைக் கேட்டார். ஆத்தா என்பது அப்பாருவின் மனைவி. "ஒருக்காக் கட்டிக்கிட்டுப் பட்டது பத்தாதாக்கும்" என்றாள். மறுநாள் காலையில், சேலை என்ன நிறத்தில் எடுப்பதாக உத்தேசம் என்று விசாரித்தாள். அப்பாருவைக் கேட்டதற்கு அவர் கொஞ்ச நேரம் காட்டையே பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றார்.

அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் காரணம் அவருக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்ட பிறகு மற்ற முடிச்சுகளை மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போடவேண்டும். அப்பாருவுக்கு ஒரே ஓர் அக்கா. அப்பாவுக்கு அத்தை, நாங்கள் எல்லோரும் பெரியத்தை என்போம். பக்கத்து ஊரில்தான் இருந்தாள், புருசன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தப் பெரியத்தையும் அப்பாருவும் பேச்சை விட்டு, என் அப்பா கல்யாணம் நடந்து எத்தனை வருடமோ அத்தனை வருடம்.

சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்டால், "கல்யாணத்தன்னைக்குச் சாப்புடாமப் போயிட்டாங்க" என்பார்கள். மேற்கொண்டு கேட்டால் வேறு வேலை இருக்கிறதா என்பார்கள். நானே யோசித்து, பந்தியில் பெரியத்தைக்குப் பாயசம் போட மறந்துவிட்டார்கள் என்று முடிவுக்கு வந்திருந்தேன். என்னைக் கேட்டால் அது நியாயமான கோபம்.

அந்த வருடம் அப்பாருவுக்குக் கண்ணில் புரை. பெரியத்தைக்கும் புரை. அப்பா ஒரு காரியம் செய்தார். தசரா விடுமுறையில் இருவரையும் தனித்தனியாக மைசூருக்கு வரவழைத்தார், ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல். ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் ஆபரேஷன் முடித்து, ஒரே ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒரே செலவில் ஒரே லீவில் முடிந்துவிடுமே என்றுதான் அப்படிச் செய்தேன் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பவில்லை.

எங்கள் வீட்டில் கூடுதலாக இருந்தது ஒரே அறை. அதில் இரண்டு கட்டில்கள் போட்டால் நடுவே ஒரு முக்காலி போடத்தான் இடம். அந்த முக்காலி எனக்கு. மைசூர் முழுக்க விளக்குப் போட்டுக்கொண்டு மினுமினுத்த அந்த வாரத்தில், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. வாழ்நாளில் பகலில் உட்கார்ந்தறியாத இரண்டு பேரை இப்படிக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்.

சொட்டு மருந்து போடும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தாள். இரண்டு பாட்டில்கள். மாறிவிடக்கூடாது என்று அப்பாருவின் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஊரே பயப்படும் அப்பாரு, "அண்ணாந்து பாருங்க" என்று நான் சொன்னதும் முகத்தைத் தூக்கிக் கண்ணை விரித்துக் காட்டுவார். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் நாள் சாயங்காலம் அப்பாருதான் ஆரம்பித்தார்.

"அம்மிணி, அந்தக் கட்டல்ல இருக்கறவங்கள ரேடியோவக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. தல வலிக்குது."

நான் அப்படியே சொன்னேன். பெரியத்தை சுவரைப் பார்த்தபடியே பதில் கொடுத்தாள்.

"வலிக்கறதுக்குத் தல ஒண்ணு இருக்குதான்னு கேளு."

அதையும் அப்படியே சொன்னேன். அன்று ராத்திரி இருவரும் சாப்பிடவில்லை. அம்மா என் காதைத் திருகினாள். எங்கள் வீட்டில் ராகிக் களி மீந்துபோவது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து நான் கொஞ்சம் கைவைக்க ஆரம்பித்தேன். ரேடியோவை நிறுத்து என்றால், "பாட்டு சென்னாகி இருக்குதாம், மெதுவா வெச்சா இன்னும் நல்லாக் கேக்குமாம்" என்பேன். அப்போதெல்லாம் என் தமிழில் பாதி கன்னடம்தான், நன்றாக என்பதற்குச் சென்னாகி என்றுதான் வரும். கெழவனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று பெரியத்தை கேட்டால், "சரிங்கறாங்க" என்பேன். அப்பாருவைப் பெரியத்தை 'அவன்' என்றும் 'இவன்' என்றும் சொல்வாள். அந்த வீட்டில் அவரை அப்படிச் சொன்ன வாய் வேறு இல்லை. முதலில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அதை மட்டும் தவறாமல் 'அவங்க' என்று மாற்றிவிடுவேன். இதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. இப்போது ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும் நடுவே பேசுவதுதான் என் வேலை. அதற்காக நான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வயதுப் பேச்சு வந்தது என்னால்தான். எண்பதாம் கல்யாணம் என்கிறார்களே, எண்பது ஆகிவிட்டதா என்று பெரியத்தையைக் கேட்டேன். அப்பாரு பிறந்ததைப் பார்த்தவர்களில் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். கேட்டதும் கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

"இவன இடுப்புல சொமந்தவளே நாந்தானே. இவன் பொறந்த அன்னைக்கு யானை வந்து வேலியப் பிரிச்சுப்போட்டு ராகிக் கதிரெல்லாம் தின்னுச்சு. ஆம்பளைங்க பூராவும் காட்டுல. மருத்துவச்சியக் கூட்டியாற நானொருத்திதான் ஓடுனேன். பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனேன்."

"கதிர் ஏது? நான் பொறந்தது மழக்காலம்னு சொல்லு" என்றார் அப்பாரு.

"பொறந்தப்ப இவன் கண்ணே தொறக்கல. மழையா வெயிலான்னு இவனுக்கு எப்பிடித் தெரியும்னு கேளு."

"பெத்த ஆத்தா சொல்லியிருக்குதுன்னு சொல்லு."

"ஆத்தாளுக்கு அன்னைக்கு நெனவே இல்ல. தொட்டில் கட்டுனவ நானு, சேலையக் கிழிச்சவ நானு. மழக்காலமாம், மழக்காலம்."

"வேலியப் பிரிச்சது நான் பொறந்த மறுவருசம்னு சொல்லு."

"மறுவருசம் பிரிச்சது தெக்கால வேலின்னு சொல்லு."

நான் வலதும் இடதுமாகத் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்துப்போயிற்று. சர்க்கரை தடவ நேரமே கிடைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "கேளு", "சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொல்வதை மட்டும் இருவரும் விடவில்லை. பேச்சு, சில வருடத்தில் பெற்றவள் போய்விட, தாயில்லாப் பிள்ளைகளாக அவர்கள் வளர்ந்ததற்குப் போயிற்று. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் ஓட்ட முடியாமல், இரண்டாவது மாடு வாங்கும்வரை பெரியத்தை மண்வெட்டியால் கொத்திக்கொடுத்தது, முதல் கிணற்றில் மண் கூடை தூக்கியது, பாறை வந்த அன்று இருவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சிரித்தது எல்லாம் வந்தது. பாறை வந்தால் ஏன் சிரிக்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இடம் கிடைக்கவில்லை. அம்மா கதவோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குக் களி மிச்சமே இல்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், அப்பாரு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அம்மிணி. தை மாசம் கண்ணாலம் வெக்கறாங்களாம். முடி போட ஆள் வேணுமாம். கேளு."

நான் கேட்டேன். தெருவில் யாரோ பலூன் விற்றுக்கொண்டு போனான். அந்தச் சத்தம் போய் மறைந்த பிறகு பெரியத்தை மெல்லப் பேசினாள்.

"முடி போடறதுக்குத் தாலியோட இருக்கற பொம்பளைங்க எத்தனையோ பேரு இருக்கறாங்க. அன்னைக்கு வேண்டாதவ இன்னைக்கு எதுக்குன்னு கேளு."

இது எனக்குச் சிக்கலாக இருந்தது. இதை அப்படியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று மட்டும் தெரிந்தது. என் அறிவுக்கு எட்டிய சண்டை பாயசச் சண்டைதான். அதனால் அப்பாருவின் பக்கம் திரும்பி, "கல்யாணத்துல பாயசம் உண்டான்னு கேக்கறாங்க" என்றேன்.

அப்பாரு என்னையே பார்த்தார். புதுக் கண் அல்லவா, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உண்டுன்னு சொல்லு. மொத எலை அவங்களுக்குத்தான்னு சொல்லு. எவ என்ன சொன்னாலும் சரி, மொத எலை அவங்களுக்குத்தான். அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கோணும்னு சொல்லு."

இதில் மாற்ற ஒன்றுமில்லை என்பதால் அப்படியே சொன்னேன். பெரியத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பாக்கலாம்னு சொல்லு."

பாக்கலாம் என்றால் எங்கள் குடும்பத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா. நான் அப்பாருவிடம், "வர்றாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். அவர், "ஆகட்டும்" என்றார்.

இதை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். என் சாமர்த்தியத்தை நினைத்து நானே பூரித்துப்போயிருந்தேன். அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முக்காலி அகலம்தான் என்பதும், ஆபரேஷன் நடந்தது கண்ணில்தானே தவிரக் காதில் இல்லை என்பதும் எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. நான் சொன்ன அத்தனை பொய்யையும் இருவரும் காது குளிரக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

தை மாதம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஹனூரிலிருந்து வேன் வைத்து சனம் வந்திருந்தது. அப்பாவின் அலுவலகத்துக் கன்னடக்காரர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். ஆத்தா அரக்குப் பட்டில் தலையைக் குனிந்துகொண்டு நிஜமான கல்யாணப்பெண் மாதிரியே வெட்கப்பட்டாள். அப்பாருவுக்கு யாரோ மைசூர்த் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். அது காதுவரை இறங்கியிருந்தது. பெரியத்தை வந்திருந்தாள். ஆனால் மேடைக்கு வராமல் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் பட்டுப்பாவாடையோடு அவள் மடியில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக அலைந்துகொண்டிருந்தேன்.

அப்பாரு தாலியை எடுத்து முதல் முடிச்சுப் போட்டார். கல்யாணத்தை நடத்திவைத்த பெரியவர் உடன்பிறந்தவளைத் தேடித் திரும்பினார். என் அத்தை, அதாவது அப்பாருவின் மகள், பக்கத்தில் தயாராக நின்றாள். கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள், "மவளே போட்டரட்டும், அதுக்கென்ன. நல்ல காரியத்துல அவ எதுக்கு" என்றாள். மெதுவாகச் சொன்னதாக நினைத்துச் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

அப்பாரு தாலிக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"என்ற அக்கா வராம இந்தக் கயித்த நான் உடமாட்டன்."

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆத்தா குனிந்த தலை நிமிராமலேயே, "சீக்கிரம் வாங்க அண்ணி, கழுத்து வலிக்குது" என்றாள். அதற்கப்புறம்தான் பெரியத்தை எழுந்தாள். கூட்டம் விலகிற்று. மேடையேறி, கயிற்றை வாங்கி முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

அப்பாரு பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, முடி கண்ணுக்குத் தெரியுதான்னு கேளு."

நான் கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

"தெரியுதுடா" என்றாள் பெரியத்தை, நேராக அவரைப் பார்த்து. "கைய எடு, மறைக்குது."

அத்தோடு என் உத்தியோகம் போயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அன்றிலிருந்து அவர்கள் நேரடியாகவே சண்டை போட்டார்கள். ஊரில் செல்போன் வந்த பிறகு தினமும் காலையில் சண்டை. பெரியத்தை கண்மூடும்வரை அது நிற்கவில்லை. அப்பாரு அவளுக்குப் பிறகும் பல வருடம் இருந்தார். என் கல்யாணத்தில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயசத்தில் இனிப்புப் பத்தாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பழைய சண்டைக்கும் பாயசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு முந்தின வாரம். அம்மா கல்யாணத்தன்று பெரியத்தை ஆரத்தித் தட்டோடு மேடைக்கு வந்தாளாம். புருசன் இல்லாதவள் நீ உள்ளே இரு என்று சொல்லி ஒருத்தி தட்டை வாங்கிக்கொண்டாளாம். அப்பாரு ஓரடி தூரத்தில் நின்றிருந்தார். யானையைப் பேசித் திருப்பி அனுப்பியவருக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. பெரியத்தை அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டு இல்லாத கையோடு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு நடந்து பஸ் ஏறிவிட்டாள். மணப்பெண்ணாகத் தலை குனிந்திருந்த அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எண்பதாம் கல்யாண மேடையில் அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒன்றுதான். முடிச்சுப் போட்டு முடித்ததும் அப்பாருவின் கண்ணும் பெரியத்தையின் கண்ணும் சிவந்திருந்தன. இருவரும் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் செய்த கண். பொறுப்பு என்னுடையது. நான் மேடையிலிருந்து குதித்து, மணமகள் அறைக்கு ஓடி, எங்கள் பையைக் கவிழ்த்தேன். அந்த இரண்டு பாட்டில்களையும் அம்மா தூக்கிப்போடப் பார்த்தபோது நான்தான் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். எப்போதோ காலியானவை. இருந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அண்ணாந்து பாருங்க" என்றேன்.

மண்டபம் சிரித்தது. அப்பாரு சிரிக்கவில்லை. தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கண்ணை விரித்துக் காட்டினார். சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை நான் அழுத்தினேன். பிறகு பெரியத்தையும் தூக்கிக் காட்டினாள், அவளுக்கு அவள் பாட்டிலை. இருவருக்கும் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. காலி என்று நினைத்த பாட்டிலில் மருந்து இவ்வளவு மிச்சம் இருந்திருக்கிறதே என்று அன்று முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.